வெயிலுக்கு விலை உண்டா?

சித்திரை மாதத்து வெயிலைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் எங்கள் சேக்காட்டில் இதுவரை யாரும் இல்லை. ஆவடி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் குடை, கைக்குட்டை, மோர், முணுமுணுப்பு ஆகிய நான்கு ஆயுதங்களையும் பிரயோகித்தாக வேண்டும். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனாகத்தான் இருந்தேன். ஆனால் சென்ற வருஷம் முதல் என் சுபாவத்தில் ஒரு மாறுதல் ஏற்பட்டிருக்கிறது. வானத்தில் மேகம் கண்டால் என் முகம் வாடுகிறது. வெயில் காய்ந்தால் மனம் குளிர்கிறது. "வாத்தியாருக்கு என்னவோ ஆகிவிட்டது" என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். வேறொன்றும் ஆகிவிடவில்லை. மொட்டை மாடியில் சூரிய மின் தகடுகள் பதித்திருக்கிறேன், அவ்வளவுதான்.

யோசனை என்னுடையது என்று பெருமை அடித்துக்கொள்ள முடியாது. "வருஷம் முழுவதும் மாடியில் வடகமும் மிளகாயும் காயப் போடுகிறோம். அந்த வெயிலில் கொஞ்சம் கரண்டும் காய்ந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டவள் என் மனைவி. அந்தச் சமயத்தில் மத்திய சர்க்காரும் அவள் கட்சியில் சேர்ந்துகொண்டது. 2024 பிப்ரவரியில் ஆரம்பித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தின்படி ஒரு கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்சாரம் விளைய வேண்டுமாம். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய் மானியம். 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போனால் மொத்தம் 78,000 ரூபாய். இரண்டு லட்ச ரூபாயை நெருங்கும் செலவில் இவ்வளவு தொகையைச் சர்க்கார் தருகிறது என்றால், எந்த உபாத்தியாயருக்குத்தான் சபலம் தட்டாது? சித்திரையில் தகடுகள் மாடி ஏறின. நல்ல வெயில் நாளில் 12 யூனிட் வரை விளைந்தது.

மார்கழி நடத்திய பாடம்

பள்ளிக்கூடத்தில் நான் பையன்களுக்கு உத்தராயணம், தட்சிணாயனம் எல்லாம் வருஷம் தவறாமல் போதித்து வருகிறவன். சூரியன் வடக்கே செல்வதையும் தெற்கே இறங்குவதையும் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவன். அப்படிப்பட்டவன் வீட்டு மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே தகடுகளை வைத்துவிட்டுப் போனார் வேலைக்கு வந்தவர். நானும் பக்கத்தில் நின்று, "பேஷ், பேஷ்!" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சித்திரையில் நடுப்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறான். தொட்டிக்கு நிழலே கிடையாது. ஐப்பசி வந்தது, சூரியன் தெற்கே சாய்ந்தான், நிழல் வடக்கே கால் நீட்டியது. மார்கழியில் நடுப்பகலிலேயே தொட்டியின் உயரத்தில் முக்கால் பங்கு நீளத்துக்கு நிழல் படுத்துக்கொண்டது. ஒரே வரிசையில் கோத்த தகடுகளில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மற்றவையும் சோர்ந்துபோகும். 12 யூனிட் 6 யூனிட் ஆயிற்று.

வேலைக்கு வந்தவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் எழவில்லை. அவர் அயனம் படிக்கவில்லை. நான் படித்ததோடு நில்லாமல் பிறருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சொந்தச் செலவில் தொட்டியை இடம் மாற்றினேன். மாடியில் தகடு பதிக்க உத்தேசித்திருக்கும் நேயர்கள் இந்த ஒரு விஷயத்தை மட்டும் தயவு செய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: நிழலை மார்கழியில் பாருங்கள்.

கீழ் வீட்டுக் கேள்வி

எங்கள் வீட்டின் கீழ்ப் பகுதியில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அந்த அம்மாள் தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். மூத்தவன் என் வகுப்பில்தான் ஒன்பதாவது படிக்கிறான். ஒரு நாள் வகுப்பில் மின்சாரத்தைப் பற்றிய பாடம் முடிந்தது. "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்லும் உபாத்தியாயர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் சொல்லுகிறோம். அவன் எழுந்து நின்றான்.

"சார், வெயில் எல்லாருக்கும் பொதுதானே?"

"பொதுதான்."

"அப்போ உங்க மீட்டர் மட்டும் ஏன் சார் பின்னால ஓடுது?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. மீட்டர் பின்னால் ஓடுவதில்லை, நாம் வாங்குவதையும் கொடுப்பதையும் தனித் தனியே கணக்கிடுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன். மணி அடித்தது, தப்பித்தேன். ஆனால் அவன் கேட்டது மீட்டரைப் பற்றி அல்லவென்பது எனக்குத் தெரியும். அன்று முதல் அந்தக் கேள்வி என் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. இந்த வாரம் அதற்குப் பதில் எழுதிப் பார்க்கிறேன்.

இறங்குகிற ஏலம்

வெயிலுக்கு விலை இல்லை என்பது வாஸ்தவம். ஆனால் வெயிலைப் பிடிக்கும் கருவிக்கு விலை உண்டு. 2010-ஆம் வருஷம் நம் நாட்டில் சூரிய சக்தி இயக்கம் ஆரம்பமானபோது, சூரிய மின்சாரம் யூனிட் ஒன்றுக்கு 17 ரூபாய் 91 காசு என்று மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலை வகுத்தது. அது பணக்காரர் பொழுதுபோக்கு என்று பலர் கேலி செய்தார்கள்.

பிறகு ஏலம் வந்தது. சாதாரண ஏலத்தில் விலை ஏறும். இது இறங்குகிற ஏலம். "இவ்வளவு மின்சாரம் வேண்டும், யார் குறைந்த விலைக்குத் தருவீர்கள்?" என்று சர்க்கார் கேட்கும். கம்பெனிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு கீழே இறங்கும். 2017-இல் ராஜஸ்தானத்துப் பட்லாவில் 2 ரூபாய் 44 காசுக்கு இறங்கிற்று. 2020 டிசம்பரில் குஜராத்தில் 1 ரூபாய் 99 காசு. அதன் பிறகு சற்றே ஏறியிருந்தாலும், பத்தே வருஷத்தில் ஒரு பண்டம் ஒன்பதில் ஒரு பங்கு விலைக்கு வந்த அதிசயத்தை நம் வீட்டு மளிகைக் கணக்கில் எங்கும் காண முடியாது.

அவசரப்பட்டு வாங்கியவர்கள் கதி என்ன? ராமநாதபுரம் ஜில்லாவில் கமுதிக்கு அருகே 2016-இல் 648 மெகாவாட் நிலையம் ஒன்று எழுந்தது. உலகத்திலேயே பெரிய சூரிய மின் நிலையங்களில் ஒன்றாக அது அப்போது பேசப்பட்டது. அதற்கு ஒப்புக்கொண்ட விலை யூனிட் 7 ரூபாய் 1 காசு. அதுவும் 25 வருஷத்துக்கு. நாலு வருஷம் பொறுத்திருந்தால் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்திருக்கும். ஆனால் எல்லோரும் பொறுத்திருந்தால் விலை இறங்கியே இராது. முதலில் வாங்குகிறவன் பின்னால் வருகிறவர்களுக்காகவும் சேர்த்துப் பணம் கொடுக்கிறான். கல்யாணப் பந்தியில் முதலில் உட்கார்ந்தவனுக்குச் சூடான சாம்பார் கிடைக்கும். இந்தப் பந்தியில் சூடு மட்டுமே கிடைத்தது.

விலை இறங்கியதற்கு முக்கிய காரணம் சீன தேசத்துத் தொழிற்சாலைகள். உலகத்துக்கெல்லாம் போதுமான தகடுகளைச் செய்து குவித்தார்கள். நம் நாட்டுத் தகட்டையே வாங்க வேண்டும் என்று நம் சர்க்கார் ஆரம்பத்தில் விதித்தபோது, அமெரிக்கா உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குத் தொடுத்து 2016-இல் ஜயித்தது. பிறகு 2022-இல் வெளிநாட்டுத் தகடுகளுக்கு 40 சதவிகிதம் சுங்க வரி போட்டார்கள். 2024-இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய தகட்டுத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. அதைத் திறந்தது அமெரிக்கக் கம்பெனிதான்! காலச் சக்கரம் இப்படியும் சுழலும். வீட்டு மானியத்துக்கோ உள்நாட்டுத் தகடுதான் வேண்டும் என்பது நிபந்தனை. என் மாடியில் இருப்பவை சுதேசித் தகடுகளே.

ஆடியில் கொடுத்துத் தையில் வாங்குவது

வெயிலுக்கு முன்பே காற்றை வேலைக்கு வைத்த நாடு தமிழ் நாடு. 1932-இல் நீலகிரியில் பைகாரா மின் நிலையம் ஓடத் தொடங்கியபோது கோயமுத்தூர்ப் பஞ்சாலைகள் அந்த மின்சாரத்தை உண்டு வளர்ந்தன. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அதே பஞ்சாலைக்காரர்கள் காற்றாலைகளில் பணம் போட்டார்கள். 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் சோதனையாக ஆரம்பித்த காரியம் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காட்டுக் கணவாய் என்று, மேற்கு மலையில் எங்கெல்லாம் இடைவெளி உண்டோ அங்கெல்லாம் பரவிற்று. இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நம் ராஜ்யத்தில் நிற்கின்றன. நாகர்கோவில் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் அந்த வெள்ளைக் கைகள் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் காற்று நம் சௌகரியத்தைக் கேட்டுக்கொண்டு வீசுவதில்லை. வைகாசி முதல் புரட்டாசி வரையில் பொழிந்து தள்ளும், தையில் தலைகாட்டாது. பஞ்சாலைக்கோ பன்னிரண்டு மாதமும் மின்சாரம் வேண்டும். இதற்காக ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஆடியில் மிகுந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் சேர்த்துவிட வேண்டியது. காற்றில்லாத மாதத்தில் அதே அளவைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியது. மார்ச்சு மாதத்தோடு கணக்கு முடியும். பாங்கியில் போட்டு எடுப்பது போலத்தான்.

பாங்கியில் ஒரு சங்கடம் உண்டு. நெல்லைக் குதிரில் போட்டு வைக்கலாம். வாரியத்திடம் மின்சாரத்துக்குக் குதிர் கிடையாது. ஆடியில் வந்ததை அன்றே செலவழித்துவிடுகிறது. தையில் திருப்பிக் கொடுக்க நிலக்கரி எரிக்க வேண்டும், அல்லது சந்தையில் வாங்க வேண்டும். "மலிந்த காலத்தில் கொடுத்துவிட்டுக் கிராக்கியான காலத்தில் கேட்கிறீர்களே" என்கிறது வாரியம். "இந்த ஏற்பாட்டை நம்பித்தானே பணம் போட்டோம்" என்கிறார்கள் ஆலைக்காரர்கள். ஒழுங்குமுறை ஆணையத்திலும் நீதிமன்றங்களிலும் பல வருஷம் இந்த வழக்காடல் நடந்திருக்கிறது. இரு கட்சியிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் இதில் உள்ள விபரீதம். குதிர் இல்லாத வீட்டில் அமோக விளைச்சலும் சண்டையாகத்தான் முடியும்.

விளக்கு வைக்கும் நேரம்

காற்றுக்கு மாதக் கணக்கு என்றால் வெயிலுக்கு மணிக் கணக்கு. 2008 முதல் நம் நாட்டில் மின்சாரத்துக்கென்று ஒரு சந்தை இருக்கிறது. அங்கே நாளைய மின்சாரத்துக்கு இன்றே, கால் மணிக்கு ஒரு விலையாக, நாள் ஒன்றுக்கு 96 விலைகள் தீர்மானமாகின்றன. பகல் பன்னிரண்டு மணிக்கு ராஜஸ்தானத்திலிருந்து ராமநாதபுரம் வரையில் எல்லாத் தகடுகளும் ஒரே சமயத்தில் விளைவிக்கின்றன, விலை விழுகிறது. 2025 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அது ஏறக்குறையச் சூன்யத்தையே தொட்டது. மாலை ஆறரை மணிக்குச் சூரியன் கடையைக் கட்டுகிறான். வீடுதோறும் விளக்கு, விசிறி, தொலைக்காட்சி, குளிர்சாதனம் எல்லாம் ஒருங்கே விழித்துக்கொள்கின்றன. விலை மேலே பாய்ந்து, சட்டம் வகுத்த 10 ரூபாய் வரம்பைப் பல நாட்களில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆகவே, பகலில் என் தகடு கொடுக்கும் யூனிட்டும் இரவில் நான் வாங்கும் யூனிட்டும் என் பில்லில் ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகின்றன; சந்தையில் அவை ஒன்றல்ல. கத்தரிக்காய் மலிந்த நாளில் ஒரு கூடை கொடுத்துவிட்டு, கல்யாண முகூர்த்த நாளில் ஒரு கூடை கேட்பது போல நான் நடந்துகொண்டிருக்கிறேன். ஆலைக்காரர்களைப் பற்றி மேலே எழுதிய அதே நியாயம் என் வீட்டுக்கும் பொருந்துகிறது என்பதைச் சற்றே வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இதற்குப் பரிகாரம் குதிர் கட்டுவதுதான். அப்படிப்பட்ட குதிர் ஒன்று ஆனைமலைப் பிரதேசத்தில் காடம்பாறையில் 1987 முதல் இருக்கிறது. மேலே ஓர் அணை, கீழே ஓர் அணை, நடுவில் மலையைக் குடைந்து நிறுவிய 400 மெகாவாட் நிலையம். மின்சாரம் மலிந்த நேரத்தில் தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றுகிறார்கள்; கிராக்கியான நேரத்தில் மேலிருந்து இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். போட்டதில் நாலில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும், ஆனாலும் லாபம்தான். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டில் இன்னொன்று கட்டத் தொடங்கினார்கள். பெரிய பாட்டரிகளின் விலையும், தகடுகள் இறங்கிய அதே படிக்கட்டில் இறங்கிவருகிறது.

அதுவரை வீட்டில் இருக்கிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தண்ணீர் மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், மாவு அரைக்கும் கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகிய இந்த நால்வரையும் பகல் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் வேலை வாங்கிவிட வேண்டும். பகல் மின்சாரத்துக்குக் குறைந்த கட்டணமும் மாலைக்கு அதிகக் கட்டணமும் வைக்க வேண்டுமென்று மத்திய சர்க்கார் 2023-இல் விதி செய்திருக்கிறது. நம் வீட்டு மீட்டர் வரையில் அது வந்து சேருவதற்கு முன்பே பழகிக்கொள்வது நல்லது.

பில்லில் வராத கணக்கு

"அனல் மின்சாரம் இருக்கிறதே, இத்தனை தொல்லை எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை ஒருநாள் எண்ணூருக்கு அழைத்துப் போக வேண்டும். சேக்காட்டிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் முப்பது கிலோமீட்டர் கூட இராது. வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரையில் போயிற்று. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மீனவக் குடும்பங்கள் சாம்பல் சேற்றில் வலை போடுகிறார்கள். நம் வீட்டு விளக்கு எரிந்ததற்கு அவர்கள் கொடுத்த விலை எந்தப் பில்லிலும் அச்சிடப்படுவதில்லை.

அந்த விலையைக் கொஞ்சமாவது கணக்கில் சேர்க்க 2010-இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி போட்டார்கள். 2016-இல் அது 400 ரூபாயாக உயர்ந்தது. வருகிற பணம் தூய்மையான மின்சாரத்துக்கு என்றார்கள். 2017-இல் சரக்கு சேவை வரி வந்தது; மேல்வரிப் பணம் ராஜ்யங்களின் வருமான நஷ்டத்தை ஈடுகட்டப் போயிற்று. 2025 செப்டம்பரில் அந்த மேல்வரியையே எடுத்துவிட்டு, நிலக்கரியின் பொது வரியை 5 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாக்கினார்கள். பெயர் மாறிற்று, பை மாறிற்று. எண்ணூர்க் கழிமுகம் மாறவில்லை.

மறுபுறம் நல்ல செய்தியும் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் நிறுவப்பட்ட மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி எண்ணெய் முதலியவற்றைச் சாராதது என்ற நிலையை 2025-ஆம் வருஷ மத்தியிலேயே எட்டிவிட்டோம். 2030-க்கு வைத்த குறி அது. ஆனால் திறன் வேறு, விளைச்சல் வேறு. சூரியன் இரவில் தூங்குகிறான். நிலக்கரி உலை தூங்குவதில்லை. எரிக்கும் மின்சாரத்தில் பெரும் பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. பரீட்சையில் பாதி மார்க்கு வாங்கிய பையனைத் தட்டிக் கொடுக்கலாம். தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போக வேண்டியதில்லை.

கூரை இல்லாதவர்கள்

இனி அந்தப் பையன் கேட்டதற்கு வருகிறேன். அவன் தாயார் இரண்டு மாதத்துக்குச் சுமார் 180 யூனிட் செலவழிக்கிறாள். முதல் 100 யூனிட் இலவசம். பாக்கிக்குச் சொற்பத் தொகை கட்டுகிறாள். அவளுக்குச் சூரியத் தகட்டால் பெரிய லாபம் கிடையாது. பதிக்க மாடியும் கிடையாது. எனக்கோ மாடியும் உண்டு, முன்பணம் போடச் சேமிப்பும் உண்டு, மேல் படிக்கட்டுக் கட்டணத்திலிருந்து தப்பிக்கும் லாபமும் உண்டு. மானியமும் எனக்கே வருகிறது. அவள் கடையில் வாங்கும் நூல்கண்டுக்குக் கட்டும் வரியும் அந்த மானியத்தில் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அதிகக் கட்டணம் கட்டி வந்த என் போன்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டால், கம்பிக்கும் கம்பத்துக்கும் மின்மாற்றிக்கும் ஆகும் செலவு குறையப் போவதில்லை. இரவில் நானும் அதே கம்பியைத்தான் நம்பியிருக்கிறேன். குறைந்துபோன வருமானத்தை யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டும். மாடி இல்லாதவர்கள் தலையில் அது விழுமானால் அதற்குப் பெயர் முன்னேற்றமல்ல.

வழி இல்லாமல் போகவில்லை. பல குடித்தனக்காரர்கள் சேர்ந்து வேறோர் இடத்தில் தகடு பதித்து, விளைச்சலைத் தத்தம் பில்லில் கழித்துக்கொள்ளும் முறைக்குத் தில்லியில் 2019-இலேயே விதி செய்தார்கள். நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களின் விசாலமான கூரைகள் வருஷம் முழுவதும் வெயிலில் சும்மா காய்கின்றன. அவற்றில் விளைவதை அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் பங்கிட்டுக்கொண்டால், வெயில் பொது என்று நான் வகுப்பில் சொன்னது பொய்யாகாது. சர்க்கார் மானியமும் மாடியைத் தேடிப் போவதற்குப் பதிலாக மனிதனைத் தேடிப் போகும்.

அந்த நாள் வரும் வரையில் என்னால் ஆனது சொற்பம். எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஆகும் செலவை இரு குடித்தனமும் பாதி பாதியாகப் பகிர்ந்து வந்தோம். அந்தப் பாதியை இனி வாங்குவதில்லை என்று தீர்மானித்து, அந்த அம்மாளிடம் சொன்னேன்.

"எதுக்கு சார் அது?" என்றாள்.

"மோட்டார் இப்போது வெயிலில் ஓடுகிறது, அம்மா. வெயிலுக்கு நான் எப்படி உங்களிடம் காசு வாங்குவது?" என்றேன்.

பையன் வாசற்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். பதில் சரி என்று சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. பாதி மார்க்கு போட்டிருக்கிறான் என்று நினைக்கிறேன்.